இது யாருடைய பிள்ளை?

இலோயிலோ
9 அக்டோபர் 1993

அன்புள்ள மனாங் பெர்லா,

நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைக் கதை மேசையைப் பற்றி ஒன்றுவிடாமல் எழுதச் சொன்ன அக்கா நீதான். எனக்குப் பெருமை சேர்க்காத இடங்களையும் எழுதுவேன்.

மாதாவின் கருணையால் இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவின் முழங்கால் தேவலை. எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு இல்லை என்று சொல்வதற்காகவே தினமும் நடந்து வருகிறார். மணிலாப் புகையில் உன் இருமல் எப்படி இருக்கிறது?

நூலகத்து மாடியில் அதே அறைதான். சார் தியோ என்னைப் பார்த்ததும், "பெர்லாவோட சித்தப்பா பொண்ணா நீ? அவ நாற்காலி ஆறு வருஷமா காலியாத்தான் கெடக்கு. உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். ஒரு கால் ஆடுகிறது. நீ சொல்லவே இல்லையே!

உன் காலத்து விதிகள் அப்படியே இருக்கின்றன. கதையை ரோனியோவில் படிகள் எடுத்து, பெயர் போடாமல் கொடுக்க வேண்டும். எல்லோரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் சார் தியோ, "இது யாருடைய பிள்ளை?" என்று கேட்பார். எழுதியவர் எழுந்து நன்றி மட்டும் சொல்லலாம். பிறகு அதிகம் அடிபட்டவருக்கு மற்றவர்கள் சேர்ந்து சந்தைக் கடையில் சூடாக ஒரு கிண்ணம் பாட்சோய் சூப் வாங்கித் தருவார்கள்.

இப்போது மேசையில் ஐந்து பேர். பல் டாக்டர் லூமென் ஒவ்வொரு கதைக்கும் முன்னால், "பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்கிறார். பெரியவர் மனோங் கோரியோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, எந்தக் கதையானாலும் "நீளம்" என்கிறார். அப்புறம் மாரிவிக். என் வயதுதான், வேறு பள்ளி. அவள் அப்பா படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர். ஒரே ஜோடிச் செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் இரண்டு சகோதரிகளைப் பற்றி எழுதியிருந்தாள். படித்து முடித்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனோங் கோரியோகூட "நீளம்" என்று சொல்லவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. உண்மையை எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா, எழுதிவிட்டேன்.

என் கதையை இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மா வெளிநாட்டுக்குப் போனபின் அப்பா மகளுக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொள்ளும் கதை. மேசைக்குக் கொடுக்கும் முன் நீ பார்த்துச் சொல். உன்னைவிட நன்றாகப் பார்ப்பவர்கள் யாரும் இல்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சியோனி

*

மணிலா
30 அக்டோபர் 1993

என் இண்டாய், என் தங்கை சியோனி,

நலம். இருமலுக்கு இஞ்சித் தண்ணீர் குடிக்கிறேன். அம்மாவை மாத்திரை மறக்காமல் சாப்பிடச் சொல். சித்தப்பாவையும் கேட்டதாகச் சொல்.

காப்பீட்டு அலுவலகத்தில் மாதக் கடைசி. அதனால்தான் தாமதம். கதையைப் படித்தேன். நன்றாக எழுதுகிறாய். ஒரே ஒரு யோசனை. அப்பா படகுக் கயிற்றை மூன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டு, மகள் தூங்கும்போது பின்னிப் பழகும் அந்த இடம். அழகாகத்தான் இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே கண்ணை உறுத்துகிறது. எடுத்துவிடு. கதை சுத்தமாகும்.

அந்த நாற்காலியின் கால் என் காலத்திலும் ஆடியது. அட்டையை மடித்து வைத்துக்கொள்வேன். சார் தியோ என்னைப் பற்றி வேறு ஏதாவது கேட்டாரா?

சுகமாக இரு.

மனாங் பெர்லா

*

இலோயிலோ
21 நவம்பர் 1993

அன்புள்ள மனாங்,

எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு லேசான சளி. அது உன்னை நினைத்து வந்தது என்று அவரே சொல்கிறார்.

நீ சொன்னபடி கயிற்றுப் பின்னலை எடுத்துவிட்டு, நேற்றுக் கொடுத்தேன். சார் தியோ, "துப்புரவா இருக்கு" என்றார். மாரிவிக், "ஒண்ணும் தப்பில்ல" என்றாள். தப்பில்லாமல் இருப்பது இத்தனை பெரிய குறை என்று அதுவரை எனக்குத் தெரியாது. டாக்டர் லூமென் மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு பல்லு இருந்திருக்கு. நல்ல பல்லு. யாரோ பிடுங்கிட்டாங்க, ஈறு இன்னும் ஆறல" என்றார். நான் வாய் திறக்கக் கூடாதே. பாட்சோய் எனக்குத்தான் கிடைத்தது. அழுகையோடு குடித்தாலும் ருசியாகத்தான் இருந்தது.

ஒரு சேதி. மே மாத எழுத்து முகாமுக்கு இந்த வருடமும் மேசையிலிருந்து ஒருவரைத்தான் அனுப்ப முடியும். ஏப்ரலில் கை தூக்கி முடிவு செய்வார்கள். தன் கதைக்குத் தானே கை தூக்கக் கூடாது. சார் தியோவுக்கு ஓட்டு இல்லை. சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கு. "சின்னவங்களுக்கு அடுத்த வருஷம் இருக்கு. முகாம்ல முப்பது வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்க" என்றார் அவர். மாரிவிக் என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மனாங், எனக்கு அந்த முகாம் வேண்டும். மூன்று வாரம், கடலோரத்தில், பகல் முழுக்கக் கதை பற்றியே பேச்சு. நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

நீ தேர்வான வருடம் பெரியப்பா இறந்துபோனார், அதனால் நீ போகவில்லை, மணிலாவுக்கு வேலைக்குப் போனாய் என்று அப்பா சொன்னார். அதற்கும் சேர்த்து நான் போய்வருகிறேனே.

சார் தியோ உன்னைப் பற்றி வேறொன்றும் கேட்கவில்லை.

உன் சியோனி

*

மணிலா
19 டிசம்பர் 1993

என் இண்டாய்,

உங்கள் எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. அம்மாவுக்கு ஒரு சால்வை அனுப்பியிருக்கிறேன். சித்தப்பாவுக்குச் சட்டை. உனக்குப் பேனா.

வேலை அதிகம். கதையைப் பற்றி இப்போது எழுத நேரமில்லை. ஏப்ரல் ஓட்டுக்குக் கதைகளைக் கொடுக்கக் கடைசி நாள் எது? நூலகத்து முகவரிக்குத் தபாலில் அனுப்பினால் சார் தியோ கைக்குப் போகிறதா, அல்லது கீழேயே கிடக்குமா? சும்மா, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

குளிர்காலம். காதை மூடிக்கொள்.

மனாங் பெர்லா

*

இலோயிலோ
23 ஜனவரி 1994

அன்புள்ள மனாங்,

பேனா நன்றாக எழுதுகிறது. அதில்தான் எழுதுகிறேன். சால்வையை உன் அம்மா கழற்றுவதே இல்லை. வெயிலிலும் போர்த்திக்கொண்டு வேர்க்கிறது என்கிறார். உன் இருமல் பற்றி நீ எழுதவில்லையே?

கடைசி நாள் முந்தாநேற்று. தபாலில் வருவது சார் தியோவிடம் போய்ச் சேர்ந்துவிடும். நீ ஏன் கேட்டாய் என்று தெரியவில்லை, கேட்டதற்குப் பதில்.

நேற்றைய கூட்டத்தைச் சொல்ல வேண்டும். வழக்கம்போலப் பெயரில்லாமல் ஒரு கதை வந்தது. படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் ஒரு பெண். அவளை விட்டுப் போன புருஷன் ஞாயிறுதோறும் புதுக் குடும்பத்தோடு கிமாராஸ் தீவுக்குப் போக வருகிறான். அவளும் ஒன்றும் பேசாமல் டிக்கெட் கொடுக்கிறாள். வருடக்கணக்காக. ஒருநாள் அவன் குழந்தைக்கு அரை டிக்கெட் கேட்க, அவள் முழு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை.

படகுத்துறை, டிக்கெட் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. மாரிவிக் வேறு, தலையைக் குனிந்துகொண்டு தாளின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் முதலில் பேசினேன்.

"இப்படி வாயில்லாப் பூச்சியா யாரு இருப்பா? எங்க தெருவுல நடந்திருந்தா மொத ஞாயித்துக்கிழமையே டிக்கெட் கட்டு அவன் மூஞ்சில பறந்திருக்கும். கடைசில முழு டிக்கெட் குடுக்கிறது என்ன, பழி வாங்கறதா? சின்னப்பிள்ளத்தனமா இருக்கு. அந்த முடிவை வெட்டிட்டு, அவ கத்தற மாதிரி ஒரு காட்சி வைக்கணும்."

டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை. நான் சரளமாகப் பேசினேன், மனாங். இந்த மேசையில் நான் இத்தனை நன்றாகப் பேசியதே இல்லை. மனோங் கோரியோ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு எல்லோரும் என் பக்கமே சாய்ந்தார்கள். சார் தியோ மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாருடைய பிள்ளை?" என்றார். யாரும் எழவில்லை. "எழுதினவங்க இன்னைக்கு வரல" என்று தாள்களை அடுக்கினார். மாரிவிக்குக்கு எழ வெட்கமாக இருந்திருக்கும். அவளுக்காக அவர் பொய் சொல்கிறார். எனக்கு இரவு நன்றாகத் தூக்கம் வந்தது.

இப்போதைக்கு என் கதைதான் முன்னால் நிற்கிறது. ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்.

உன் சியோனி

*

மணிலா
27 பிப்ரவரி 1994

சியோனி,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காரணம் ஒன்றுமில்லை.

நீ எழுதிய கூட்டத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். கதையை எழுதியவர் யாராக இருந்தாலும் விமரிசனத்தைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். அந்த மேசையின் வழக்கமே அதுதான். ஆனாலும் ஒன்று. அந்தக் குழந்தைக்கு ஏழு வயது முடிந்துவிட்டது, இனி முழு டிக்கெட்தான். தகப்பனே மறந்துவிட்டு அரை டிக்கெட் கேட்கிறான். யாரும் சொல்லாமல் அவள் அந்த வயதை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். அது பழியா? அத்தனை பேர் உட்கார்ந்த மேசையில் ஒருவருக்குமா அது தோன்றவில்லை?

ஓட்டில் நீதான் வருவாய் என்று நினைக்கிறேன். வாழ்த்துகள்.

பெர்லா

*

இலோயிலோ
6 மார்ச் 1994

மனாங்,

உன் கடிதம் நேற்று வந்தது. வீட்டில் எல்லோரும் நலம்.

குழந்தைக்கு ஏழு வயது என்று உனக்கு யார் சொன்னது?

நான் எழுதவில்லை. மறந்துபோய் எழுதாமல் விடவில்லை, வேண்டுமென்றே விட்டேன். "இவளுக்கு ஏழு முடிஞ்சிடுச்சு இல்ல?" என்று அந்தப் பெண் கேட்கும் வரியை இரண்டு தடவை படித்தேன். கதையிலேயே அதுதான் நல்ல இடம். உனக்கு எழுதினால் நீயும் மாரிவிக்கைப் புகழ்ந்துவிடுவாய் என்றுதான் விட்டேன். கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன் என்று சொன்ன நான் அந்த ஒன்றை மட்டும் குறைத்தேன். மேசையிலும் சரியாக அதே இடத்தைத்தான் வெட்டச் சொன்னேன். ஒரு கதையில் எது உயிரான இடம் என்று பொறாமைக்காரிக்குத்தான் உடனே தெரிகிறது போலிருக்கிறது.

அப்படி நினைத்தபோது இன்னொன்றும் தோன்றியது. தோன்றாமல் இருந்திருக்கலாம். அப்பா கயிற்றில் பின்னிப் பழகும் இடத்தை நீ ஏன் வெட்டச் சொன்னாய்?

டிக்கெட் கதை உன்னுடையதா, மனாங்? ஆமாம் அல்லது இல்லை என்று எழுது.

சியோனி

*

மணிலா
26 மார்ச் 1994

என் இண்டாய்,

ஆமாம்.

கயிற்றைப் பற்றி நீ நினைத்ததற்கும் ஆமாம்தான்.

என் நாற்காலியில் நீ உட்கார்ந்ததாக எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை அலுவலகத்துப் படிக்கட்டில் நின்று படித்தேன். பிறகு உன் கதை. கயிற்றுப் பின்னலுக்கு வந்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டேன். பதினாறு வயதில் என்னால் அப்படி எழுத முடிந்ததில்லை. ஆறு வருடமாக நான் எழுதுவதெல்லாம், "ஐயா, தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது." நீ என்னிடம் கேட்டாய். நானும் யோசனை சொன்னேன். நல்லபடியாகத்தான் சொல்கிறேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன்பிறகுதான் நானும் எழுத உட்கார்ந்தேன். உன்மேல் இருந்த எரிச்சலில் எழுதிய கதை அது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சார் தியோவிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன். முகாமுக்கு முப்பது வயது வரம்பு. எனக்கு இருபத்தைந்து முடியப்போகிறது. இதைவிட்டால் இனி எழுதமாட்டேன் என்று எனக்குத் தெரியும். மேலாளரிடம் மூன்று வாரம் விடுப்புக் கேட்டேன். "கல்யாணமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கதைக்கு விடுப்பு என்றால் யார் தருவார்கள்? இப்போது அலுவலகத்தில் என்னிடம் மாப்பிள்ளை பெயர் கேட்கிறார்கள்.

அதெல்லாம் போகட்டும். நீ ஜெயித்த மாதிரிதான். போய்வா. ஆனால் ஓட்டுக்கு முன்னால் அந்தக் கயிற்றைத் திரும்ப எழுதிவிடு. ஒரு வார்த்தைகூட மாற்றாதே. இது நான் உண்மையாகச் சொல்லும் முதல் யோசனை.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. அவருக்கு நான் எழுதுவதும் தெரியாது, கல்யாணப் பொய்யும் தெரியாது.

மனாங் பெர்லா

*

இலோயிலோ
16 ஏப்ரல் 1994

அன்புள்ள மனாங்,

வீட்டில் எல்லோரும் நலம். உன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் அந்த அறையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்ததும் இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். நாற்காலிக்கு அட்டை வைக்கவில்லை. ஆடட்டும் என்று விட்டேன். மூன்றாம் நாள் கயிற்றைத் திரும்ப எழுதினேன்.

இன்று ஓட்டெடுப்புக்கு முன்னால் எழுந்து, "ஜனவரில சொன்னதத் திரும்ப எடுத்துக்கறேன்" என்றேன். அப்படி எடுப்பவர் எல்லோருக்கும் பாட்சோய் வாங்கித் தர வேண்டும் என்பது உனக்குத் தெரிந்திருக்கும்; எனக்கு இன்றுதான் தெரிந்தது. மனோங் கோரியோ, "எலும்பு நெறயப் போடச் சொல்லு" என்று அப்போதே சொல்லிவிட்டார்.

"எந்தப் பேச்சை?" என்றார் சார் தியோ.

"டிக்கெட் கதையப் பத்திச் சொன்னத. அந்த முடிவை வெட்டக் கூடாது. அது நல்ல முடிவுன்னு தெரிஞ்சுதான் வெட்டச் சொன்னேன். மாரிவிக் எழுதினதுன்னு நெனச்சேன்."

மாரிவிக் சிரித்த சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டும். "நானா? அடிப்பாவி! எனக்குப் படகுன்னாலே வாந்தி வரும். அன்னைக்கு அந்தக் கதையப் படிச்சுட்டு நான் அழுதுருவேன்னுதான் தலையக் குனிஞ்சேன். நீ அந்தக் குதி குதிச்சியா, ஒருவேளை எனக்குத்தான் கதை தெரியலையோன்னு வாய மூடிக்கிட்டேன்."

"எனக்கும் அன்னைக்கே சந்தேகம்தான்" என்றார் டாக்டர். "வலிக்குதுன்னு கத்தறது வேற, பொறாமைல கத்தறது வேற. ரெண்டுத்தையும் தெனம் கேக்கறேன்."

டிக்கெட் கதையின் கடைசிப் பக்கத்தை நானே சத்தமாகப் படித்தேன். பிறகு ஓட்டு.

மனோங் கோரியோ என் கதைக்குக் கை தூக்கினார்: "இது குட்டையா இருக்கு." டாக்டர் உன் கதைக்கு. மாரிவிக் இரண்டு கதையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அந்தக் கயிறு…" என்று சொல்லி எனக்குத் தூக்கினாள். எனக்கு இரண்டு, உனக்கு ஒன்று. மிச்சம் இருந்தது நான்.

நான் உடனே கை தூக்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. மாரிவிக் கதைக்குக் கை தூக்கினால் நான் ஜெயிப்பேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பெருந்தன்மை என்றுகூடச் சொல்லுவார்கள். உன் கதைக்குத் தூக்கினால் சமம், சமம் என்றால் நீ. ஒரு பொறாமையை இப்போதுதான் பாட்சோய் விலைக்குத் தீர்த்திருந்தேன், அதற்குள் அடுத்தது வந்து உட்கார்ந்துவிட்டது. "தூங்கிட்டியா, இண்டாய்?" என்றார் மனோங் கோரியோ, கண்ணை மூடிக்கொண்டே.

டிக்கெட் கதைக்குத் தூக்கினேன். காதளவுக்குத்தான் உயர்த்தினேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

"இது யாருடைய பிள்ளை?" என்றார் சார் தியோ. நான் எழுந்து, "எங்க அக்காவோடது. அவ சார்பா நன்றி" என்றேன். சார் தியோ மூக்கைச் சிந்திக்கொண்டார். ஜலதோஷம் என்றார். உனக்கு அவர் திங்கட்கிழமை தந்தி கொடுப்பார்.

மாரிவிக் படியிறங்கும்போது, "அடுத்த வருஷம் ரெண்டு பேரும் வெட்டிக்கலாம்டி" என்றாள். சரி என்றேன். அவளை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் சந்தைவரை சேர்ந்துதான் நடந்தோம்.

எனக்கு நன்றி எழுதாதே. முகாமிலிருந்தும் அடிக்கடி எழுதாதே. கடல், கதைப்பேச்சு எல்லாவற்றையும் நீ வர்ணித்தால் எனக்குத் தாங்காது. ஜூனில் எழுது. ஜூனுக்குள் சரியாகிவிடுவேன் என்று நினைக்கிறேன். உன் மேலாளரிடம் மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டதாகச் சொல்லிவிடு.

இஞ்சித் தண்ணீரை விடாதே.

உன் சியோனி

பி.கு.: இரண்டாம் பக்கத்தில் மழை பெய்கிறதே, அது வேண்டாம். அவள் அழாதபோது வானம் மட்டும் எதற்கு அழ வேண்டும்? இதைப் பொறாமையில் சொல்லவில்லை. இல்லை, கொஞ்சம் பொறாமையிலும்தான். நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன், ஆனாலும் அந்த மழை வேண்டாம். இன்னொரு இடமும் இருக்கிறது, நாலாம் பக்கத்தில், அவன் தொப்பி—

நூலகத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.